முதுகில் விளைந்த தாடை

தாடையை இழந்தவர் எலும்பை மட்டும் இழப்பதில்லை. மெல்லும் வலிமையும், சொல்லின் தெளிவும், கண்ணாடியில் தம்மை அடையாளம் காணும் முகமும் அதனோடு போய்விடுகின்றன. புற்றுக்கட்டியோடு கீழ்த்தாடையின் ஒரு பகுதியையும் வெட்டி எடுத்தபின் அந்த இடைவெளியை எதைக்கொண்டு நிரப்புவது என்பது வாய் அறுவை மருத்துவத்தின் பழைய கேள்வி. 1989இல் அமெரிக்க மருத்துவர் டேவிட் ஹிடால்கோ, முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளில் மெல்லியதை இரத்தக்குழாய்களோடு எடுத்துத் தாடையாக வடிவமைத்துப் பொருத்தும் முறையை வெளியிட்டார். இன்றளவும் பெரிதும் கையாளப்படும் முறை அதுவே. ஆயினும் அது ஒரு கடன்; வாயின் குறையைத் தீர்க்கக் காலில் ஒரு காயம் வேண்டியிருக்கிறது.

கடன் வாங்காமல் எலும்பை விளைவிக்க இயலுமா? இதற்கான வித்து வெவ்வேறு நாடுகளில் ஊன்றப்பட்டது. அமெரிக்காவில் மார்ஷல் யூரிஸ்ட், சுண்ணச்சத்து நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கே புதிய எலும்பு தோன்றுவதை 1965இல் அறிவித்தார். எலும்பில் உள்ள ஒரு வகைப் புரதமே அதற்குத் தூண்டுகோல் என்பது பின்னர் தெளிவாயிற்று. அதே காலகட்டத்தில் மாஸ்கோவில் அலெக்சாண்டர் ஃப்ரீடென்ஸ்டைன், மஜ்ஜையில் எலும்பாக மாறவல்ல உயிரணுக்கள் இருப்பதைக் காட்டினார். இன்று ஸ்டெம் செல் என்று நாம் அழைக்கும் குருத்தணுக்களில் ஒரு வகை அது. ஒருவர் ஆணையைக் கண்டார். மற்றவர் அதை நிறைவேற்றும் பணியாளரைக் கண்டார்.

இரண்டும் ஒரு மனிதரின் உடலில் சந்தித்தது ஜெர்மனியின் கீல் நகரில். 56 வயதான அவர், புற்று அறுவையில் தாடையை இழந்து எட்டு ஆண்டுகளுக்கும் மேலாக மென்று உண்ண இயலாமல் வாழ்ந்தவர். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொண்டு வந்ததால், வேறிடத்தில் எலும்பை வெட்டி எடுப்பது ஆபத்தாக இருந்தது. பாட்ரிக் வார்ன்கே தலைமையிலான குழு, கணினியில் தாடையை வரைந்து, அந்த அளவில் டைட்டானியம் வலைக்கூடு செய்தது. அதில் எலும்புக் கனிமத் துண்டுகளையும், எலும்பைத் தூண்டும் புரதத்தையும், அவருடைய மஜ்ஜையையும் நிரப்பி, அவர் முதுகுத் தசைக்குள்ளேயே பதியமிட்டது. ஏழு வாரங்களில் புதிய எலும்பும் இரத்தக்குழாய்களும் வளர்ந்தன. பின் அதைத் தசையோடு எடுத்து முகத்தில் பொருத்தினர். 2004இல் லான்செட் இதழ் இதை வெளியிட்டது. அவர் மீண்டும் மென்று உண்டார்.

வியப்புக்கு நடுவே ஓர் ஐயமும் எழத்தான் செய்கிறது. எலும்பை வளர்த்தது குருத்தணுவா, புரதமா? இரண்டையும் ஒருசேர இட்டபின் தனித்தனியே பங்கு பிரிக்க வழியில்லை. ஒரே ஒருவரின் அனுபவம் விதியாகிவிடாது.

இதற்கிடையில் ஃப்ரீடென்ஸ்டைனின் வழியிலேயே தேடல் பல்லுக்குள்ளும் நுழைந்திருந்தது. ஸ்டான் கிரான்தோஸ், சோங்டாவ் ஷி ஆகியோர் அடங்கிய குழு 2000இல் பற்கூழிலும், 2003இல் விழும் பாற்பற்களிலும் குருத்தணுக்களைக் கண்டது. 2018இல் சீன ஆய்வாளர்கள், அடிபட்டு உயிரிழந்த முன்பற்களுக்குள் அக்குழந்தைகளின் பாற்பல் அணுக்களையே வைத்து, இரத்த ஓட்டமும் உணர்வும் திரும்பியதை வெளியிட்டனர். கண்டுபிடிப்பிலிருந்து அந்தச் சிறு வெற்றிக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

வணிகமோ அவ்வளவு காத்திருக்கவில்லை. பாற்பல்லைக் கட்டணம் பெற்று உறையவைக்கும் வங்கிகள் பல நாடுகளில் தோன்றின. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், தொப்புள்கொடி இரத்தம் தவிர்த்த பிறவற்றை வணிக நோக்கில் சேமிக்க இடந்தரவில்லை. அது அறிவியலின் மீதுள்ள அவநம்பிக்கை அன்று. தாடையை இழந்தவருக்கு நம்பிக்கை தேவை. அதைவிட, அந்த நம்பிக்கை அவரிடம் பொய்யாக விற்கப்படாதிருத்தல் தேவை. விதைத்தவர்கள் காத்திருந்தார்கள், விளைச்சலை விலை பேசுவோரும் காத்திருக்கத்தான் வேண்டும்.