ஐரோப்பாவின் நெடுவழிச் சைக்கிள் பந்தயங்கள்: 1903 முதல் 1919 வரை

ஒரு நாட்டைப் பல நாள்களில், கட்டம் கட்டமாகச் சைக்கிளில் சுற்றிவந்து, எல்லாக் கட்டங்களின் கணக்கையும் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிக்கும் தொழில்முறைப் பந்தயம் 1903ஆம் ஆண்டு பிரான்சில் பிறந்தது. அதன் பெயர் டூர் டி பிரான்ஸ். 1909இல் இத்தாலியில் ஜிரோ டி இத்தாலியா வந்தது. ஸ்பெயினின் வுவெல்தா 1935இல்தான் தொடங்கியது. மூன்றையும் பெற்றெடுத்தவை விளையாட்டுச் சங்கங்கள் அல்ல, செய்தித்தாள்கள்.

இன்று ஒரு வீரரின் டயர் பஞ்சரானால் பின்னால் வரும் காரிலிருந்து புதுச் சக்கரம் வந்து இறங்குகிறது. முதல் உலகப் போருக்கு முந்திய பந்தயங்களில் உதிரி டயரை 8 போல முறுக்கி வீரரே தோளில் மாட்டிக்கொண்டு போனார். கியர் மாற்றும் கருவி கிடையாது. மலை வந்தால் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கத்துப் பல்சக்கரம் சங்கிலியில் விழும்படி திருப்பி மாட்ட வேண்டும். சைக்கிள் உடைந்தால் உடைந்த இடத்திலேயே தன் கையால் சரிசெய்ய வேண்டும். பிறர் கை பட்டால் தண்டனை. அந்தக் காலத்தின் பெருமை, கொடுமை இரண்டுமே இந்த ஒரு விதியிலிருந்து கிளைத்தவை.

பத்திரிகைச் சண்டை

பிரான்சில் அப்போது சைக்கிள் செய்திக்கென்றே ஒரு நாளிதழ் பச்சைத் தாளில் வந்துகொண்டிருந்தது. ‘லெ வெலோ’ என்று பெயர். வெலோ என்றால் சைக்கிள். அதன் ஆசிரியர் பியேர் ஜிஃபார். நாட்டையே இரண்டாகப் பிளந்த ட்ரேஃபஸ் வழக்கில் அவர் ட்ரேஃபஸின் பக்கம் நின்றார். அவருடைய பத்திரிகைக்கு விளம்பரம் கொடுத்துவந்த கார் உற்பத்தியாளர் தெ தியோன் எதிர்ப்பக்கம். மனம் கசந்த தெ தியோனும் வேறு சில தொழிலதிபர்களும் பணம் போட்டு 1900இல் போட்டிப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கு மஞ்சள் தாள், ‘லோத்தோ-வெலோ’ என்று பெயர். ஆசிரியராக அமர்ந்தவர் ஆன்ரி தெக்ராஞ்ச். 1893இல் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்த முன்னாள் வீரர் அவர். வலியைத் தாங்குவதே விளையாட்டு என்று உளமார நம்பியவர்.

பெயரில் ‘வெலோ’ வரக் கூடாது என்று பழைய பத்திரிகை வழக்குப் போட்டு வென்றது. 1903 ஜனவரியில் மஞ்சள் பத்திரிகை வெறும் ‘லோத்தோ’ ஆனது. சைக்கிள் வாசகர்கள் கைநழுவிப் போய்விடுவார்கள் என்ற பயம் தெக்ராஞ்சுக்கு. அதற்கு மருந்து முன்பே கையில் இருந்தது. 1902 நவம்பரில் பாரிஸின் மோன்மார்த்ர் சாலை உணவகம் ஒன்றில் மதியச் சாப்பாட்டின்போது, ஜெயோ லெஃபெவ்ர் என்ற இளம் நிருபர் ஒரு யோசனை சொல்லியிருந்தார். மைதானத்துக்குள் ஆறு நாள் சுற்றும் பந்தயம் இருக்கிறதே, அதையே நாடு முழுவதும் சாலையில் நடத்தினால் என்ன?

1891இலேயே பாரிஸிலிருந்து பிரெஸ்த் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தை ஒரு பத்திரிகை நடத்தியிருந்தது. ஆனால் அது ஒரே மூச்சில் ஓடுவது. யார் வென்றார் என்று மறுநாள் படித்தால் கதை முடிந்தது. கட்டம் கட்டமாக ஓடினால் ஒவ்வொரு நாளும் கதை மிச்சமிருக்கும். நாளை என்ன ஆகுமோ என்று வாசகர் மறுபடி பத்திரிகை வாங்குவார். இந்தப் பந்தயம் முதலில் ஒரு தொடர்கதை, பிறகுதான் விளையாட்டு.

மோன்ஜெரோனிலிருந்து புறப்பட்டவர்கள்

ஆள் சேர்வது எளிதாக இல்லை. நுழைவுக் கட்டணத்தை 20 பிராங்கிலிருந்து 10 ஆகக் குறைத்து, முதல் 50 பேருக்குத் தினப்படி 5 பிராங்க் தருவதாக அறிவித்த பிறகே பெயர்கள் வந்தன. 1903 ஜூலை 1 அன்று பிற்பகல் 3:16க்குப் பாரிஸின் தெற்கே மோன்ஜெரோன் என்ற ஊரில் ஒரு காப்பிக் கடை முன்னாலிருந்து 60 பேர் புறப்பட்டார்கள். 6 கட்டங்கள், 2,428 கிலோமீட்டர். முதல் கட்டம் மட்டுமே லியோன் வரை 467 கிலோமீட்டர். இரவெல்லாம் ஓட்ட வேண்டும். கல்லும் புழுதியுமான சாலையில் நிலா வெளிச்சம்தான் விளக்கு.

காலை ஒன்பது மணிக்கு லியோனில் முதலில் வந்து நின்றவர் மொரீஸ் காரின். 17 மணி 45 நிமிடம் ஓட்டியிருந்தார். இரண்டாவதாக வந்தவர் ஒரு நிமிடம்கூடப் பின்தங்கவில்லை. ரயில் ஏறியும் சைக்கிள் மிதித்தும் வீரர்களைத் துரத்திக்கொண்டே வந்த லெஃபெவ்ர்தான் நிருபர், நடுவர், கண்காணிப்பாளர் எல்லாம்.

காரின் இத்தாலியின் ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்கில் ஆர்வியே என்ற ஊரில் 1871இல் பிறந்தவர். சிறுவயதில் பிரான்சுக்கு வந்து வீடுகளின் புகைபோக்கிக்குள் இறங்கிக் கரி சுரண்டும் வேலை செய்தார். அந்த வேலைக்குச் சின்ன உடம்பு தேவை. காரினும் கடைசிவரை குள்ளமான மனிதர்தான். பந்தயத்துக்கு வருமுன்பே பாரிஸ்–ரூபே பந்தயத்தை இரண்டு முறையும், 1901இன் பாரிஸ்–பிரெஸ்த்–பாரிஸ் பந்தயத்தையும் வென்றிருந்தார். 1903இல் மொத்தம் 94 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட்டி, இரண்டாமவரான லூசியன் போத்தியேவை ஏறக்குறைய மூன்று மணி நேர இடைவெளியில் வென்றார். 21 பேர் மட்டுமே பாரிஸுக்குத் திரும்பினார்கள். லோத்தோவின் விற்பனை சுமார் 25,000 பிரதியிலிருந்து 65,000க்கு ஏறியது. பச்சைப் பத்திரிகை அடுத்த ஆண்டே மூடப்பட்டது.

மறு ஆண்டு அதே மக்கள் ஆர்வம் தலைக்கேறியது. 1904இல் சாந்த்-எத்தியேன் அருகே மலையேற்றத்தில், இருட்டில் ஒரு கூட்டம் காத்திருந்தது. உள்ளூர் வீரர் ஃபோரைப் போகவிட்டு, பின்னால் வந்த காரினையும் இத்தாலியர் ஜெர்பியையும் அடித்து வீழ்த்தியது. கூட்டத்தைக் கலைக்க அதிகாரிகள் துப்பாக்கியால் சுட வேண்டியிருந்தது. நீம் நகரிலும் கலவரம். சாலையில் ஆணிகள். காரில் ஏறியவர்கள், ரயிலில் போனவர்கள் என்று குற்றச்சாட்டுகள் குவிந்தன. டிசம்பரில் பிரெஞ்சுச் சைக்கிள் சங்கம் காரின் உட்பட முதல் நான்கு இடங்களில் வந்த அனைவரையும் நீக்கியது. ஐந்தாவதாக வந்த ஆன்ரி கோர்னே வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். இருபது வயது நிறையாத அவரைவிட இளைய வெற்றியாளர் இன்றுவரை இல்லை. பந்தயம் தன் வெற்றியாலேயே செத்துவிட்டது என்ற பொருளில் தெக்ராஞ்ச் எழுதினார், ஆனால் நிறுத்தவில்லை.

1905இல் இரவு ஓட்டத்தை விட்டார்கள், கட்டங்களை 11 ஆக்கினார்கள். நேரக் கணக்குக்குப் பதில் புள்ளிக் கணக்கு வந்தது. ஒரு ஆணி ஒரு மணி நேரத்தைத் தின்றாலும் ஒரு சில இடங்கள்தானே போகும் என்பது எண்ணம். அந்த ஆண்டு வென்றவர் லூயி த்ரூஸெலியே.

மலைகள்

1905இன் இன்னொரு புதுமை, பலோன் தால்ஸாஸ் என்ற மலை. அதன் உச்சியை முதலில் தொட்டவர் ரெனே போத்தியே. அடுத்த ஆண்டு பந்தயத்தையும் வென்றார். 1907 ஜனவரியில், வெற்றியின் ஈரம் காயுமுன், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அந்த மலையுச்சியில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. 1907, 1908 இரண்டையும் லூசியன் பெத்தி-பிரெத்தோன் வென்றார்; இருமுறை வென்ற முதல் ஆள். இயற்பெயர் மஸான். சிறுவயதை அர்ஜென்டினாவில் கழித்தவர். சைக்கிள் பந்தயம் என்றாலே பிடிக்காத அப்பாவுக்குத் தெரியாமல் இருக்க வேறு பெயர் வைத்துக்கொண்டார்.

1909இல் வென்ற ஃபிரான்சுவா ஃபாபேர் லக்சம்பர்க் குடியுரிமை கொண்டவர். பிரெஞ்சுக்காரரல்லாத முதல் வெற்றியாளர் என்று எண்ணப்படுகிறார். ஆஜானுபாகுவான உடம்பு, மூட்டை தூக்கிப் பழகிய தோள்கள். குளிரும் மழையுமாக இருந்த அந்த ஆண்டில் தொடர்ந்து ஐந்து கட்டங்களை வென்றார். லியோனுக்குள் நுழையும்போது சங்கிலி அறுந்தது. கடைசிக் கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடி, அப்போதும் முதலில் வந்தார்.

பைரனீஸ் மலைத்தொடரைப் பந்தயத்துக்குள் கொண்டுவந்தவர் அல்ஃபோன்ஸ் ஸ்தெய்னெஸ் என்ற லோத்தோ ஊழியர். 2,115 மீட்டர் உயரமான தூர்மாலே கணவாயைச் சோதிக்கக் காரில் போனார். பனி வழியை மறித்தது, ஓட்டுநர் திரும்பிவிட்டார். ஸ்தெய்னெஸ் இருட்டில் தனியாகப் பனியில் நடந்து, விழுந்து எழுந்து, விடியுமுன் மறுபக்கத்து ஊரை அடைந்தார். அங்கிருந்து தெக்ராஞ்சுக்கு அவர் அடித்த தந்தி, சாலை மிக நன்றாக இருக்கிறது, தாராளமாகப் போகலாம் என்றது. அந்தப் பொய் இல்லாவிட்டால் இன்றைய டூர் டி பிரான்ஸின் முகமே வேறு.

1910 ஜூலை 21 அன்று லுஷோனிலிருந்து பயோன் வரை 326 கிலோமீட்டர். பெய்ருசூர்த், அஸ்பென், தூர்மாலே, ஒபீஸ்க் என்று வரிசையாக மலைகள். ஆடுமாடு போகும் தடத்தில் ஒக்தாவ் லபீஸ் பாதி தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினார். ஒபீஸ்க் வழியில் நின்ற அமைப்பாளர்களைப் பார்த்துக் கொலைகாரர்களே என்று கத்தினார். பிறகு கீழே இறங்கி அந்தக் கட்டத்தையும், பாரிஸில் ஃபாபேரை நான்கே புள்ளிகளில் முந்திப் பந்தயத்தையும் வென்றார். அடுத்த ஆண்டு ஆல்ப்ஸின் கலிபியே கணவாயும் சேர்ந்தது. அதன் உச்சியை முதலில் கடந்தவர் எமில் ஜோர்ஜே, பந்தயத்தை வென்றவர் குஸ்தாவ் கரிகூ.

இளஞ்சிவப்புத் தாள்

இத்தாலியிலும் கதை அதேதான், தாளின் நிறம் மட்டும் வேறு. ‘கொரியெரே தெல்லா சேரா’ நாளிதழ் நாடு தழுவிய பந்தயம் நடத்தப்போவதாகத் தெரிந்ததும், இளஞ்சிவப்புத் தாளில் வந்த ‘கஸெட்டா தெல்லோ ஸ்போர்ட்’ முந்திக்கொண்டு 1908 ஆகஸ்டில் அறிவிப்பை வெளியிட்டது. கையில் பணம் இல்லை. பிறகுதான் தேடிச் சேர்த்தார்கள். 1909 மே 13, விடியுமுன் மூன்று மணிக்குச் சற்று முன்னால், மிலானின் லொரேத்தோ சதுக்கத்திலிருந்து 127 பேர் புறப்பட்டார்கள். 8 கட்டங்கள், 2,448 கிலோமீட்டர். முடித்தவர்கள் 49.

வென்ற லுயீஜி கான்னா ஒரு கொத்தனார். வேலைக்குத் தினமும் சைக்கிளில் மிலானுக்குப் போய்வந்ததுதான் அவருக்குப் பயிற்சி. பரிசுப் பணத்தைக் கையில் வாங்கும்போது என்ன தோன்றுகிறது என்று கேட்டதற்கு, உட்காரும் இடம் எரிகிறது என்றாராம். பின்னாளில் தன் பெயரிலேயே சைக்கிள் தொழிற்சாலை வைத்தார்.

1914இன் ஜிரோவைப் போலக் கடுமையான பந்தயம் நடந்ததில்லை என்றே சொல்ல வேண்டும். ஒரு கட்டம் சராசரியாக 400 கிலோமீட்டரை ஒட்டி வந்தது. முதல் நாளே பனியும் மழையும். 81 பேர் கிளம்பி 8 பேர் முடித்தார்கள். அல்ஃபோன்ஸோ கல்சோலாரி ஏறக்குறைய இரண்டு மணி நேர முன்னிலையில் வென்றார்.

உலைக்களம்

புள்ளிக் கணக்கை 1913இல் கைவிட்டு மறுபடி நேரக் கணக்குக்கு வந்தார்கள். அந்த ஜூலையில், பயோனிலிருந்து லுஷோனுக்குப் போகும் மலைக் கட்டத்தில், யூஜேன் கிறிஸ்தோஃப் தூர்மாலே உச்சியை இரண்டாவதாகக் கடந்தார். மொத்தக் கணக்கில் முன்னிலையில் இருந்த ஓதில் தெஃப்ரே விலகிவிட்டதால், பந்தயம் கிறிஸ்தோஃபின் கைக்கு வந்துகொண்டிருந்தது. இறக்கத்தில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் உடைந்தது.

சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டார். சக்கரத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, 10 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் நடந்தார். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போனார்கள். அடிவாரத்தில் சாந்த்-மாரி-தெ-காம்பான் என்ற சிற்றூர். அங்கே ஒரு கொல்லன் பட்டறை இருந்தது. கிறிஸ்தோஃப் பூட்டு வேலை கற்றவர். இரும்பு அவருக்குப் பழக்கம். கொல்லர் பக்கத்தில் நின்று வாயால் சொல்லலாம், கை வைக்கக் கூடாது. பந்தய அதிகாரிகள் கண்கொத்திப் பாம்பாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரே இரும்பைக் காய்ச்சினார், அடித்தார், குழாயைப் பொருத்தினார். ஒரு கை இரும்பையும் மறு கை சுத்தியலையும் பிடித்திருக்க, உலைக்குக் காற்று போதவில்லை. பட்டறைச் சிறுவன் துருத்தியை ஊதிக்கொடுத்தான். வெளியே வந்தபோது ஏறக்குறைய நான்கு மணி நேரம் போயிருந்தது. துருத்தி ஊத உதவி பெற்றதற்காக மேலும் 10 நிமிடத் தண்டனை. அதைப் பிறகு 3 ஆகக் குறைத்தார்கள்.

அவர் மிச்ச மலைகளையும் ஏறிக் கடந்து கட்டத்தை முடித்தார். பாரிஸில் ஏழாம் இடம். வென்றவர் பெல்ஜியத்தின் ஃபிலிப் தீஸ். 1914லும் 1920லும் அவரே வென்று, மூன்று முறை வென்ற முதல் வீரர் ஆனார். அத்தகைய சாதனையாளரைவிட ஏழாவதாக வந்தவரின் பெயரே அந்த ஆண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது நியாயம் என்றே இக்கட்டுரை கருதுகிறது.

போரும் மஞ்சள் பனியனும்

1914இன் டூர் தொடங்கியது ஜூன் 28 அன்று. அதே நாளில்தான் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக்கொல்லப்பட்டார். பாரிஸில் பந்தயம் முடிந்து சுமார் ஒரு வாரத்தில் பிரான்ஸ் போரில் இருந்தது. ஃபாபேர் அயல்நாட்டார் படையில் சேர்ந்து 1915 மே 9 அன்று ஆர்டுவா போர்முனையில் மாண்டார். விமானியான லபீஸ் 1917 ஜூலை 14 அன்று, பிரான்சின் தேசிய நாளில், சுட்டுவீழ்த்தப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் ராணுவப் பணியில் இருந்த பெத்தி-பிரெத்தோன் வண்டி விபத்தில் இறந்தார்.

1919இல் டயருக்கும் பஞ்சம், சாலைகளோ பீரங்கி உழுத நிலம். 67 பேர் புறப்பட்டு 11 பேர் திரும்பினார்கள்; அவர்களிலும் ஒருவர் பின்னர் நீக்கப்பட்டார். முன்னிலையில் இருப்பவரைக் கூட்டத்தில் அடையாளம் காண ஜூலை 19 அன்று கிரெனோபிளில் லோத்தோ தாளின் நிறத்தில் ஒரு மஞ்சள் பனியன் கொடுத்தார்கள். முதலில் அணிந்தவர் கிறிஸ்தோஃப். வழியில் மக்கள் கானரிக் குருவி என்று கேலி செய்கிறார்கள் என்று குறைப்பட்டார்.

கடைசிக்கு முந்திய கட்டம், மெட்ஸிலிருந்து டன்கிர்க் வரை 468 கிலோமீட்டர். இரண்டாம் இடத்தில் இருந்த ஃபிர்மென் லாம்போவைவிடக் கிறிஸ்தோஃப் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக முன்னால் இருந்தார். வலன்சியென் அருகே போரில் சிதைந்த கல் பாவிய சாலையில், ஃபோர்க் மறுபடி உடைந்தது. இந்த முறை பக்கத்தில் ஒரு சைக்கிள் பட்டறை இருந்தது. அங்கும் தன் கையாலேயே சரிசெய்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று, பனியன் லாம்போவுக்குப் போனது. மூன்றாவதாகப் பாரிஸ் வந்த அவருக்காக லோத்தோ வாசகர்கள் காசு அனுப்பத் தொடங்கினார்கள். 13,000 பிராங்குக்கு மேல் சேர்ந்தது.

1922இல், கலிபியே இறக்கத்தில், ஃபோர்க் மூன்றாம் முறையும் உடைந்தது. கிறிஸ்தோஃப் டூர் டி பிரான்ஸை ஒருமுறையும் வென்றதில்லை. சாந்த்-மாரி-தெ-காம்பானில் அந்தக் கொல்லன் பட்டறை இருந்த இடத்தின் சுவரில் அவர் பெயர் பொறித்த பலகை இருக்கிறது.