செட்டியாரின் 40 வாட்

சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கிய நாள் 1938 ஜூன் 16 என்று ஏடுகள் சொல்லும். என் கணக்கு வேறு. சென்னை வானொலி அதற்கு 14 ஆண்டுகள் முன்பே பிறந்துவிட்டது. பெற்றவர்கள் ஆர்வலர்கள், அரசு பிறகுதான் வந்தது.

அந்த ஆர்வலர்களில் ஒருவரான சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் இங்கிலாந்திலிருந்து பாகம் பாகமாகக் கொண்டுவந்து, வீட்டிலேயே ஒலிபரப்புக் கருவி ஒன்றைப் பூட்டினார். 1924 மே 16இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் உருவாயிற்று. ஜூலை 31இல் ஒலிபரப்பு தொடங்கியது. கருவியின் திறன் 40 வாட். ஒரு குண்டு பல்பு எரிக்கும் மின்சாரம்! பின்னர் அது 200 வாட் ஆனது. மாலைதோறும் இசையும் உரைகளும் ஒலித்தன. பம்பாயில் இந்திய ஒலிபரப்பு நிறுவனம் தன் நிலையத்தைத் திறந்தது 1927 ஜூலையில்தான்.

அதே ஆண்டு அக்டோபரில், பணமில்லாமல் கழகம் நின்றுபோனது. ஆனால் கருவியை மூலையில் போடவில்லை. சென்னை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி ஒலிபரப்பியது. மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைத்தார்கள். வானொலிப் பெட்டி வாங்க வழியில்லாதவர்களும் கடற்கரையில் உட்கார்ந்து பாட்டு கேட்க முடிந்தது. மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் பெட்டிகள் போயின. நம் ஒலிபரப்பு வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பக்கம் இது.

கடல் கடந்தும் இப்படித்தான்: முதலில் ஆர்வலர்கள், பிறகு அரசு. 1912இல் அமெரிக்கச் சட்டம் அமெச்சூர்களை, அதாவது வானொலி ஆர்வலர்களை, 200 மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலைகளுக்குள் ஒதுக்கியது. அவை நெடுந்தொலைவு போகா, எனவே பயனற்றவை என்பது அன்றைய எண்ணம். 1923 நவம்பரில், சுமார் 110 மீட்டரில், பிரான்சின் லியோன் டெலோயும் அமெரிக்காவின் ஃபிரெட் ஷ்னெல்லும் அட்லாண்டிக்கைத் தாண்டி மோர்ஸில் உரையாடிவிட்டார்கள். அயனி மண்டலம் அந்த அலைகளை பூமிக்குத் திருப்பி அனுப்பியது. பிறகு அரசுகளும் நிறுவனங்களும் அந்தச் சிற்றலைகளுக்கு ஓடிவந்தன.

கருவியைத் தானே பூட்டும் இந்தக் கைப்பழக்கம் கணினிக்கும் போய்ச் சேர்ந்தது. 1975இல் ‘பைட்’ கணினி இதழைத் தொடங்கிய வேய்ன் கிரீன், அமெச்சூர் வானொலி இதழ் நடத்தியவர். ஸ்டீவ் வாஸ்னியாக் பள்ளி வயதிலேயே ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் பெற்றவர். சுற்று வரைபடத்தை ஒளித்துவைக்காமல் கொடுப்பது ஹாம்களின் வழக்கம். கலிபோர்னியாவின் ஹோம்ப்ரூ கணினிக் கழகத்தில், பின்னாளில் ஆப்பிள்-1 ஆன தன் கணினியின் வரைபடத்தை வாஸ்னியாக் நகலெடுத்து இலவசமாகக் கொடுத்தார். கேட்டவர்களின் வீட்டுக்கே போய்ப் பூட்டவும் உதவினார்.

(தொடரும்)