மாகாணி முதல் மீதி வரை: வீட்டுக் கணக்கின் கதை

"விடை சரிதான், ஆனா டீச்சர் இப்படிச் சொல்லித் தரலை." நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. தாத்தா மனக்கணக்காகச் சொல்லிவிடுவார். பிள்ளையோ நோட்டில் வழிமுறை எழுத வேண்டும். இந்த இழுபறிக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறே இருக்கிறது நண்பர்களே. அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

அந்தக் காலத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதினார்கள், பிறகு ஓலையில். எண்சுவடியை உரக்கச் சொல்லிச் சொல்லியே மனப்பாடம் செய்தார்கள். பெரிய பையனான சட்டாம்பிள்ளை சிறியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். பழைய தமிழ் எண்களில் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் இருந்தன. ஆகவே இன்று போல இடம் பார்த்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் கூட்டும் வழக்கம் அதற்குப் பொருந்தாது. கணக்கு நடந்தது மனதில். எழுத்தில் வந்தது விடை மட்டுமே.

பின்னங்களைப் பாருங்கள். முந்திரி என்றால் 1/320. நாலு முந்திரி ஒரு காணி (1/80). நாலு காணி ஒரு மா (1/20). மாவையும் காணியையும் கூட்டினால் மாகாணி, அதாவது 1/16. பெயரிலேயே கூட்டல் இருக்கிறது!

இதை வீட்டிலும் கற்றுக் கொடுத்தார்கள். சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822ல் பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826ல் அவர் எழுதிய குறிப்பில் மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் என்று வருகிறது. சென்னை நகரில் பள்ளியில் படித்தவர்கள் 5,523 பேர். வீட்டில் படித்தவர்கள் 26,963 பேர். இந்த இரண்டாவது எண்ணில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே சந்தேகப்பட்டார். ஆனாலும் வீடும் ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது என்பது தெளிவு.

எங்கள் தூத்துக்குடிக் கடற்கரையில் இந்தக் கணக்குக்கு வேலை அதிகம். முத்துக்குளிப்புக் காலத்தில் எடுத்துவந்த சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதில் ஒரு பங்கு குளிப்பவர்களுக்கு, மற்ற இரண்டும் அரசாங்கத்துக்கு. முத்துக்களைத் தரம் பிரிக்க 20 துளையிலிருந்து 1000 துளை வரை உள்ள பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. பங்கில் ஏமாறாமல் இருக்க மனக்கணக்கு கைகொடுத்தது. இங்கே கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961ல்.

அதற்குச் சற்று முன்புதான் இன்னொரு மாற்றமும் வந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று தசம நாணயம் அமலானது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, 192 பை. ஒரு அணா என்பது ரூபாயில் மாகாணி. அதன்பின் ரூபாய்க்கு 100 நயா பைசா. அடுத்த சில வருடங்களில் மெட்ரிக் அளவுகளும் வந்தன. பெரியவர்களின் வாய்ப்பாடும் பிள்ளைகளின் பாடப்புத்தகமும் வேறு வேறாகிப் போயின. வீட்டில் சொல்லித்தர ஆளிருந்தும் சொல்லித்தர முடியாத நிலை!

சரி, இன்று என்ன செய்யலாம்? இரண்டையும் சேர்க்கலாம். உதாரணமாக 3/4 + 1/8. முக்கால் ரூபாய் 12 அணா, அரைக்கால் 2 அணா, மொத்தம் 14 அணா. அதாவது 14/16, சுருக்கினால் 7/8. பொதுவான சிறிய அலகுக்கு மாற்றிக் கூட்டுவதைத்தான் பள்ளியில் பொதுப் பகுதி காண்பது என்கிறார்கள். முதலில் பிள்ளை மனதில் விடையைச் சொல்லட்டும். பிறகு "டீச்சர் எப்படிச் சொன்னாங்க?" என்று கேட்டு அதே வழியில் எழுத விடுங்கள். இரண்டு விடையும் ஒத்துவந்தால் அதுவே சரிபார்ப்பு. ஒத்துவராவிட்டால் எந்த வரியில் பிசகியது என்று பிள்ளையே தேடட்டும்.

படிக்காத பாட்டியின் மனக்கணக்கும் கணிதம்தான். அதைப் பிள்ளைகள் மதிக்கக் கற்றுக்கொண்டால், எழுத்துக்கணக்கின் மேல் உள்ள பயமும் தானாகக் குறையும்.