நிறுத்தத் தெரிந்த கருவி

முயல் துடித்தது. வலிப்புக் கண்டு விழுந்தது. கனடா நாட்டு டொராண்டோ நகரில், 1921-ஆம் ஆண்டின் இறுதியில், ஆய்வுக்கூடமொன்றில் நடந்தது இது. ஜேம்ஸ் காலிப் எனும் உயிர்வேதியல் அறிஞர், கணையத்திலிருந்து வடித்த சாற்றை முயல்களுக்குச் செலுத்திச் சோதித்துக் கொண்டிருந்தார். குருதியிலே சர்க்கரை குறைந்தது, களிப்பு. மேலும் குறைந்தது, கலக்கம்! குளுக்கோசு கரைசலைச் செலுத்தினார். செத்ததெனக் கிடந்த முயல் எழுந்து நின்றது.

நீரிழிவுக்கு மருந்து கண்ட கதையை நாம் பலமுறை படித்திருக்கிறோம். 1922 சனவரி 11-ஆம் நாள், லியோனார்ட் தாம்சன் எனும் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி. சாறு தூய்மையாக இல்லாததால் பயன் இல்லை. காலிப் தூய்மைப்படுத்திய சாற்றை சனவரி 23-இல் செலுத்தினர். சாவின் வாயிலில் நின்றவன் மீண்டான். பாண்டிங்கையும் பெஸ்ட்டையும் பாராட்டினர், மக்லியாடும் நோபல் பரிசில் பங்கு பெற்றார். பாராட்டலாம், தகும். ஆனால் அந்த முயலை மறந்துவிட்டோமே, நண்பர்களே! இன்சுலினுக்கு அளவுகோல் வகுத்தபோது, முயலுக்கு வலிப்பு வரச் செய்யும் அளவைத்தானே அடிப்படையாகக் கொண்டனர்? உயிர் காக்கும் மருந்தின் முதல் அளவுகோல், உயிர் பறிக்கும் எல்லை! இரண்டுக்கும் இடையே இருந்த வெளி அவ்வளவு குறுகியது.

அந்தக் குறுகிய வெளியிலே நாள்தோறும் நடப்பவர்தாம் நீரிழிவாளர். அளவு குறைந்தால் சர்க்கரை ஏறிக் கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அளவு மிகுந்தால் வியர்வை, நடுக்கம், மயக்கம். உறக்கத்திலே வந்தால் விழிக்காமலே போகவும் கூடும். பகலில் நடுக்கம் கண்டவர் சர்க்கரைக் கட்டியை வாயில் போட்டுக் கொள்வார். இரவில்? யார் எழுப்புவது?

எந்திரம் எழுப்பட்டும், எந்திரமே அளக்கட்டும், எந்திரமே செலுத்தட்டும் என்ற எண்ணம் பழையது. 1963-ஆம் ஆண்டளவில் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு காடிஷ், முதுகிலே மூட்டையாகச் சுமக்கும் கருவியொன்றைச் செய்தார். சர்க்கரை ஏறினால் இன்சுலின், இறங்கினால் அதை ஏற்றும் குளுக்ககான். 1970-களில் 'பயோஸ்டேட்டர்' வந்தது. அதுவோ மூட்டையல்ல, பெட்டகம்! கட்டிலருகே நின்று, நரம்பிலிருந்து இடைவிடாது குருதி எடுத்து அளந்து, இன்சுலினையும் குளுக்கோசையும் மாறிமாறிச் செலுத்தியது. மருத்துவமனையில் சில மணி, சில நாள் பயன்படும். வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. ஆயினும் அவ்விரு கருவிகளுக்கும் ஒரு பேறு இருந்தது: நஞ்சும் முறிவும் ஒரே கையில் இருந்தன.

பின்னர் வந்தவற்றுக்கு அந்தப் பேறு இல்லை. 1978-இல் இலண்டனில் பிக்கப், கீன் முதலிய மருத்துவர்கள், தோலின் கீழ் இடையறாது இன்சுலின் சொட்டவிடும் சிறு பம்பின் பயனை எடுத்துக்காட்டினர். இடுப்பிலே அணியலாம், எளிது, இனிது. ஆனால் குருட்டு எந்திரம். உடலிலே சர்க்கரை எவ்வளவு என்பதை அது அறியாது. சொட்டு என்றால் சொட்டும். தோலடியில் புகுந்த இன்சுலினோ பல மணி நேரம் வேலை செய்யும், விட்ட அம்பு. திருப்பி எடுக்கும் வழி எந்தப் பொறியியலாருக்கும் கிட்டவில்லை.

1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரிடம் நடந்த பேராய்வு இக்கட்டை அம்பலமாக்கியது. சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்குக் கண்நோய் தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. அதே மக்களுக்குக் கடும் தாழ்சர்க்கரை ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுந்தது! கண்ணைக் காக்க முனைந்தால் உயிருக்கு ஊறு. 1999-இல் தோலடியில் பதித்துத் தொடர்ந்து அளக்கும் உணர்கருவி வந்தது. அதுவும் மூன்று நாள் எழுதிய கணக்கை மருத்துவர் பிறகுதான் படிக்கலாம். கண்ணும் கையும் ஒரே உடம்பில், ஆனால் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லை!

2009-இல் ஐரோப்பாவில் அவை பேசின. பேசிய முதற் சொல், 'நிறுத்து' என்பது. சர்க்கரை குறிப்பிட்ட எல்லைக்குக் கீழ் இறங்கி, எச்சரிக்கை மணிக்கும் எவரும் எழாவிட்டால், பம்பு தானே இன்சுலினை நிறுத்திவிடும். முறிவு மருந்து கையில் இல்லாத எந்திரத்துக்கு நிறுத்தமே ஆயுதம். அதற்குமா எதிர்ப்பு என்று கேட்பீர். எதிர்ப்பன்று, ஐயம். உணர்கருவி பொய் சொன்னால்? அதன்மேல் ஒருக்களித்துப் படுத்தாலே, அழுத்தத்தால் சர்க்கரை தாழ்ந்ததாகக் காட்டிவிடும். வீணே நிறுத்தி, விடியும்வரை இன்சுலின் இல்லாது போனால் அதுவும் கேடாயிற்றே!

இந்த ஐயத்துக்குக் கண்ட விடைதான் நம்மைக் கவர்கிறது. இரண்டு பிழைகளையும் தராசிலே வைத்தனர். தவறாக நிறுத்தினால் சர்க்கரை சிறிது ஏறும், காலையில் திருத்தலாம். நிறுத்த வேண்டியபோது நிறுத்தாவிட்டால் திருத்துவதற்கு ஆள் இல்லாமலும் போகலாம். எனவே நிறுத்தட்டும், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், பின்னர் தானே தொடங்கட்டும் என்று வரம்பு கட்டினர். 247 பேரிடம் நடந்த ஆய்வில் இரவு நேரத் தாழ்சர்க்கரை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது. 2013-இல் அமெரிக்காவும் ஒப்புதல் தந்தது. வீழுமுன்னரே அரை மணிக்கு முன்கணித்து நிறுத்தும் கருவிகளும், 2016-இல் அளவைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் முதற் கருவியும் அடுத்தடுத்து ஒப்புதல் பெற்றன. உணவுக்கு முன் அதற்கு மட்டும் நாம்தான் சொல்ல வேண்டும்.

ஒப்புதல் வரும்வரை எல்லோரும் காத்திருந்தனரா? இல்லை! சியாட்டில் நகரில் டேனா லூயிஸ் எனும் இளம்பெண், 14 வயது முதல் நீரிழிவோடு வாழ்பவர், ஆழ்ந்து உறங்குபவர். கருவியின் மணி அவரை எழுப்பவில்லை. ஓசையைக் கூட்டித் தாருங்கள் என்று கேட்டார், ஆகவில்லை. 2013-இல் ஸ்காட் லீபிராண்டுடன் சேர்ந்து, உணர்கருவியின் எண்களைக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்து, உரக்க ஒலிக்கும் மணியைத் தாமே அமைத்தார். மணி கணக்காயிற்று, கணக்கு கட்டளையாயிற்று. 2015-இல் அந்த வடிவமைப்பை ஓப்பன் ஏ.பி.எஸ். என்று உலகுக்கே பொதுவில் வைத்தனர்.

அதிலே ஒரு நுட்பம் உண்டு. கணிப்பொறி பம்புக்கு இடும் கட்டளை அரை மணி நேரமே உயிரோடிருக்கும். மின்கலம் தீர்ந்தாலும், அலைத்தொடர்பு அறுந்தாலும், கட்டளை தானே காலாவதியாகும். பம்பு, மருத்துவர் முன்னரே வகுத்த அளவுக்குத் திரும்பிவிடும். தான் இல்லாது போகும் வேளையையும் எண்ணிப் பார்த்து எழுதப்பட்ட நிரல்! தன் ஆணை தனக்குப் பின்னும் செல்ல வேண்டும் என்று கல்லில் பொறித்த மன்னர்களைப் படித்து வளர்ந்த நமக்கு, இது வியப்பாகத்தான் இருக்கிறது.

இன்னொரு வியப்பும் உண்டு, கசப்பும் கலந்தது. அவர்கள் பயன்படுத்திய பழைய பம்புகள் கட்டளையை ஏற்றதற்குக் காரணம், அவற்றின் கதவு பூட்டப்படாமல் இருந்ததே. நண்பன் நுழையும் கதவில் பகைவன் நுழைய மாட்டானா? 2011-இல் ஜே ராட்கிளிஃப் எனும் நீரிழிவாளர், தம் பம்பையே தொலைவிலிருந்து ஆட்டுவிக்கலாம் என்று மேடையில் காட்டினார். 2019 சூனில் அமெரிக்க உணவு மருந்து நிறுவனம் அத்தகைய பழைய பம்புகளைக் குறித்து எச்சரித்தது. பூட்டு தேவை, மறுக்கவில்லை. நோயாளியே வெளியே நிற்கும்படி பூட்டுவதா என்பதே வழக்கு. பொதுவில் வைத்த நிரலின் தகுதியையோ, நியூசிலாந்தில் 97 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. கடும் தாழ்சர்க்கரை ஒருவருக்கும் இல்லை.

டொராண்டோவினர் 1923-இல் இன்சுலின் உரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். நூறாண்டு கழித்து, 2023 டிசம்பரில், இங்கிலாந்தின் பொது மருத்துவத் துறைக்கு இக்கருவிகளை வழங்கலாமெனப் பரிந்துரை வந்தது. அங்கும் ஐந்தாண்டுகளில் படிப்படியாகத்தான். விலையும் ஒரு தடை. ஒருமுறை வாங்கினால் போதாது. உணர்கருவியை ஒன்று இரண்டு வாரத்துக்கொருமுறை மாற்ற வேண்டும், குழாயை இரண்டு மூன்று நாளுக்கொருமுறை. பணம் நின்றால் கருவியும் நிற்கும். அந்த நிறுத்தத்துக்கு இரண்டு மணி நேர வரம்பை எவரும் இன்னும் எழுதித் தரவில்லை.