பச்சைக் களிம்பு ஏறிய பழைய காசு: பேட்டரியும் சோடா தண்ணீரும் வைத்து வீட்டிலேயே சுத்தம் செய்யலாமா?

பாட்டியின் சுருக்குப் பையிலோ பரணில் கிடந்த டப்பாவிலோ பழைய காலணா கிடைத்தால், முதலில் கை போவது புளிக்குத்தான். குத்துவிளக்கு மாதிரி தேய்த்து பளபளன்னு ஆக்கிவிடுவோம். இப்போது புளியின் இடத்தை யூடியூப் வீடியோக்கள் பிடித்துவிட்டன. ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் உப்பு, ஒரு ஸ்பூன், பழைய மொபைல் சார்ஜர் இருந்தால் போதும், பத்து நிமிடத்தில் காசு புதுசாகிவிடும் என்கிறார்கள். களிம்பு போவது உண்மைதான். ஆனால் அந்த உப்பும் ஸ்பூனும்தான் ஆபத்தே.

தண்ணீருக்குள் என்ன நடக்கிறது?

இதற்குப் பெயர் எலக்ட்ரோலிசிஸ், தமிழில் மின்னாற்பகுப்பு. சோடா கரைத்த தண்ணீரில் பேட்டரியின் மைனஸ் பக்கம் காசு, பிளஸ் பக்கம் கார்பன் அல்லது இரும்பு. மின்சாரம் பாயும்போது காசின் மேல் ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பும். களிம்பில் இருக்கும் செம்புச் சேர்மங்களில் ஒரு பகுதி திரும்பவும் செம்பாக மாறும். பிடிப்பு தளர்ந்த மிச்சத்தைக் குமிழிகள் தள்ளிவிடும்.

இது புது வித்தை இல்லை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் 1930களிலேயே அரித்துப்போன வெண்கலப் பொருட்களை இந்த முறையில் மீட்டிருக்கிறார்கள். அதைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற வேதியியலாளர்கள் என்பதுதான் வித்தியாசம்.

எந்தக் காசைத் தொடவே கூடாது?

விலை போகும் என்று நீங்கள் நினைக்கும் எந்தக் காசையும் தொடாதீங்க. சேகரிப்பாளர்கள் பழைய காசில் தேடுவதே அந்தப் பழுப்பு அல்லது பச்சைப் படலத்தைத்தான். வழவழப்பாக, சீராகப் படிந்த படலம் உலோகத்துக்குக் கவசம் மாதிரி. அதை உரித்துவிட்டால் காசின் மதிப்பு சரிந்துவிடும், திரும்ப ஒட்டவும் முடியாது.

மிகப் பழைய செப்புக்காசுகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சோழர் காலக் காசு போன்றவை நூற்றாண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்தவை. பல காசுகளில் எழுத்தும் உருவமும் தங்கியிருப்பது உலோகத்தில் அல்ல, களிம்பு அடுக்கில்தான். களிம்பைக் கழற்றினால் எழுத்தும் சேர்ந்து போய், கையில் மொட்டை வில்லைதான் மிஞ்சும்.

அலுமினிய 5, 10, 20 பைசாக்களும் வேண்டாம். பேட்டரியே தேவையில்லை, சோடா தண்ணீரே அலுமினியத்தை அரித்துவிடும்.

நிலத்தைத் தோண்டும்போது கிடைத்த காசு என்றால் சட்டமும் உள்ளே வருகிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். கழுவுவதற்கு முன் தாலுகா அலுவலகம் போவது நல்லது.

'பழைய காசு கொடுத்தால் லட்சம் தருகிறோம்' விளம்பரத்தைப் பார்த்து காசைத் தேய்க்க உட்கார்ந்தவர்களுக்கு ஒரு தகவல். தன் பெயரைச் சொல்லி பழைய காசு விற்க கட்டணம், கமிஷன், வரி கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

சரி, எப்படிச் செய்வது?

தேய்ந்துபோன சாதாரண காலணா, 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா, பழைய வெண்கல ஒரு நயா பைசா போன்றவற்றில் முயன்று பார்க்கலாம். அதற்கு முன் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். சில ஆண்டுக் காசுகள் அரிதானவை.

பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் (இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதுதான்), ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. மின்சாரத்துக்கு 9 வோல்ட் சதுர பேட்டரியே போதும். சார்ஜரை வெட்டி ஒயர் எடுக்கும் வேலை வேண்டாம். மட்டமான சார்ஜர் பழுதானால் 230 வோல்ட் நேராகத் தண்ணீருக்கு வரலாம். மைனஸ் ஒயரின் கிளிப்பைக் காசில் மாட்டுங்கள். பிளஸ் பக்கத்துக்கு இரண்டு முனையும் சீவிய பென்சில் போதும், உள்ளே இருக்கும் கிராஃபைட்தான் நமக்கு வேண்டிய கார்பன். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. பிளஸ் கிளிப் தண்ணீருக்கு மேலேயே இருக்கட்டும். உள்ளே போனால் கிளிப்பின் செம்பு கரைந்து காசின் மேல் பூசிக்கொள்ளும்.

பிளஸ், மைனஸ் மாறிவிட்டால்? களிம்பு அல்ல, காசே கரையும். குமிழி அதிகமாக வருவது காசின் பக்கம்தானா என்று ஆரம்பத்திலேயே பார்த்துவிடுங்கள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பேட்டரியைக் கழற்றி, காசை வெளியே எடுத்து, மென்மையான டூத் பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். போதும் என்று தோன்றியதும் நிறுத்திவிடணும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனால்தான் காசு கெடும். வெண்கலக் காசு சிவப்பாக வெளியே வந்தால் பயப்பட வேண்டாம், அது களிம்பிலிருந்து திரும்பிய செம்பு.

உப்பும் ஸ்பூனும் ஏன் கூடாது?

சமையல் உப்பு போட்டால் பிளஸ் முனையில் குளோரின் வாயு வரும், மூடிய அறையில் மூச்சுத் திணறும். அந்தக் குளோரைடு காசுக்குள்ளும் தங்கிவிடும். வெளிர் பச்சை மாவு போலத் தொட்டாலே உதிரும் அரிப்பு இருக்கிறதே, அதற்குக் காரணமே குளோரைடுதான். எவர்சில்வர் ஸ்பூனை பிளஸ் பக்கம் வைத்தால் அதிலிருக்கும் குரோமியம் நச்சு வடிவத்தில் தண்ணீரில் கலக்கும். அந்தத் தண்ணீர் புற்றுநோய் அபாயம் உள்ளது.

சோடாவும் கார்பனும் வைத்துச் செய்தாலும் ஹைட்ரஜன் வரத்தான் செய்யும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு, விளக்கு பக்கத்தில் வேண்டாம். ரப்பர் கையுறை போடுங்கள், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள். பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

வெள்ளிக் காசு கருத்திருந்தால் பேட்டரியே வேண்டாம். அலுமினியத் தாள் விரித்த கிண்ணத்தில் ஆப்ப சோடா கரைத்த வெந்நீர் ஊற்றி, காசு தாளைத் தொடும்படி சில நிமிடம் வைத்தால் கருமை குறையும். லேசாக அழுகிய முட்டை வாடை வரும், அது கருமையிலிருந்து பிரியும் கந்தகம்.

வேலை முடிந்ததும் காசை டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு மூன்று நாள் ஊற வையுங்கள், தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பிறகு நன்றாகக் காயவைத்து காகித உறையில் போடுங்கள். ஈரம் இருக்கும்போதே பிளாஸ்டிக் கவரில் அடைத்தால், அடுத்த மழைக்காலத்தில் பச்சை திரும்ப வந்துவிடும்.