கணக்கில் வராத காவல்

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கில அரசு ஆண்டுதோறும் ஒரு கணக்கு எடுத்தது. கொடிய விலங்குகளாலும் பாம்புக்கடியாலும் செத்தவர்கள் எத்தனை பேர், கொல்லப்பட்ட புலி, சிறுத்தை, கரடி, பாம்பு எத்தனை, அவற்றுக்குக் கொடுத்த வெகுமதி எவ்வளவு என்று மாகாணவாரியாக அட்டவணை போட்டார்கள். மனிதருக்கும் காட்டுயிருக்கும் இருந்த உறவைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இந்த அட்டவணைகளிலிருந்தும் வேட்டைக்காரத் துரைமார்களின் நூல்களிலிருந்தும்தான் தொடங்குகிறார்கள். வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கும் பரங்கிப்பேட்டையைச் சுற்றி ஒரு காணி, இரண்டு காணி வைத்துப் பிழைத்த குடும்பங்களைப் பற்றி இந்தக் கணக்கு அதிகம் சொல்லாது. அவர்களுடைய நெற்கதிரை அறுத்தது எலி. வரப்பைத் துளைத்தது நண்டு. மல்லாட்டை என்னும் நிலக்கடலையைத் தோண்டியது நரி. கோழிக்குஞ்சைத் தூக்கியது பருந்தும் கீரியும். இவற்றைத் தடுக்க அந்த வீடுகள் காசைவிட ஆளைத்தான் அதிகம் செலவழித்தன. இந்த வட்டாரத்தின் காட்டுயிர் வரலாறு பெரும்பகுதி இந்தக் காவல் உழைப்பின் வரலாறே என்பதும், அந்த உழைப்பு நின்றுபோன இடத்தில்தான் விஷம் புகுந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவில் கடலோரமாகப் பிச்சாவரத்து அலையாத்திக் காடு. அதற்கு மேற்கே சிதம்பரம் தாண்டியும் நெல்வயல். இந்த வயல்கள் தாமாக உண்டானவை அல்ல. 10ஆம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் எழுந்த வீராணம் ஏரியும், 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணையும், அவற்றிலிருந்து கிளை பிரிந்த வாய்க்கால்களும் கொண்டுவந்த தண்ணீரில் விளைந்தவை. கடலை ஒட்டிய ஊர்கள் கடைமடை. அங்கே தண்ணீர் கடைசியாக வரும், வடிவதற்கும் நாளாகும். சம்பா ஒரு போகமே நிச்சயம். ஐப்பசி, கார்த்திகையில் வயல் முழுக்க நீர் நிற்கும். பங்குனி, சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும். இந்த ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வருவதற்கு ஏற்பவே இங்குள்ள உயிர்கள் வாழப் பழகின. நீர் நிற்கையில் நண்டும் தவளையும் நத்தையும் பெருகும். அவற்றைத் தின்ன மடையானும் நத்தைகுத்தி நாரையும் வரும். கதிர் முற்றும்போது எலி வரப்பில் வளை தோண்டும். எலியின் பின்னால் சாரையும் நல்ல பாம்பும் கூகையும் நரியும் வரும். சங்கப் புலவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியைப் பாடிய ஓரம்போகியார் நண்டுக்கென்றே ஒரு பத்துப் பாட்டை ஒதுக்கினார். வாளை மீனை இரையாகக் கொள்ளும் நீர்நாயையும் அதே மருதத்தில்தான் வைத்தார். நண்டும் நீர்நாயும் அவர்களுக்கு வயலும் பொய்கையும் சேர்ந்த ஊரின் உயிர்கள்.

இந்த உயிர்கள் வயலுக்கே உரியவை என்பதற்கு ஒரு மறுப்பு உடனே எழும். காடு அழிந்ததால்தானே விலங்குகள் வயலுக்கு வந்தன? பரங்கிப்பேட்டையே அதற்குச் சாட்சி அல்லவா? சாட்சி இருப்பது உண்மை. கும்பினி உத்தியோகத்தை விட்டு வந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830 வாக்கில் இங்கே இரும்பு உருக்காலை தொடங்கினார். உலைக்கு வேண்டியது மரக்கரி. தென்னார்க்காட்டுக் காடுகளில் மரம் வெட்டிக் கரி சுட்டார்கள். சேலத்துத் தாதுவை இங்கே கொண்டுவந்து உருக்கினார்கள். கரிக்கு மரம் கிடைக்காமல் போனது ஆலை நொடித்ததற்கு ஒரு காரணம் என்பதே அந்த அழிவின் அளவைச் சொல்லும். பிச்சாவரத்திலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1970கள் வரை வனத்துறையே பகுதி பகுதியாக மொட்டையடித்து மரம் எடுத்தது. வெட்டிய இடம் தாழ்ந்து, தேங்கிய நீர் உப்பேறி, மரம் மீண்டும் முளைக்காமல் போயிற்று. இவ்வளவும் சரி. ஆனால் காடு போனதால் குறைந்தவை காட்டை நம்பியிருந்த விலங்குகள். எலியும் நண்டும் சாரையும் மடையானும் காட்டை விட்டு ஓடிவந்தவை அல்ல. நெல் நட்ட நாளிலிருந்து வயலில் இருப்பவை. நரியின் கதை இன்னும் தெளிவு. 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டு மணற்பாங்கான நிலங்களில் மல்லாட்டை பரவி, புதுச்சேரி வழியாகப் பிரான்ஸ் நாட்டு மார்சேய் துறைமுகத்துக்குக் கப்பலேறியது. அதே நூற்றாண்டில் விறகுக்காகவும் ரயில் என்ஜின்களுக்காகவும் கடலோரம் நெடுகச் சவுக்குத் தோப்புகள் எழுந்தன. முன்னது நரிக்குத் தீனி, பின்னது அதற்கு மறைவிடம். இரண்டையும் உண்டாக்கியவர் குடியானவர்.

விவசாயமே கூட்டி வந்த உயிர்கள் என்றால், அவற்றோடு மல்லுக்கட்டுவதும் விவசாய வேலையின் பகுதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். சம்பா பட்டத்தின் வேலைகளை வரிசையாகப் பார்த்தால் இது புலப்படும். நடவுக்கு முன் அண்டை வெட்டுவார்கள். மண்வெட்டியால் வரப்பின் பக்கத்தைச் சீவி, சேற்றை அள்ளி அப்பி மெழுகுவார்கள். பார்ப்பதற்கு வரப்பை அழகு செய்வதுபோல் இருக்கும் இந்த வேலை, எலி வளையையும் நண்டு வளையையும் ஒரே சமயத்தில் அழிக்கிறது. வரப்பு மெலிந்திருந்தால் எலிக்குக் குடியிருக்க இடமும் குறைவு. வேளாண் பல்கலைக்கழகம் இன்று கொடுக்கும் ஆலோசனையும் இதுவே: வரப்பைக் குறுக்கி வை, களையெடுத்து வை. நண்டு பிடிப்பது சிறுவர் வேலை. பிடித்தது வீட்டுக்கு வந்து, சளிக்கு மருந்தென்று இடித்து ரசமாகும். விதை தெளித்த நாற்றங்காலில் குருவி விரட்டுவதும், கதிர் பால் பிடிக்கையில் கிளியையும் சில்லையையும் தகரம் தட்டி ஓட்டுவதும் பிள்ளைகளுடைய, கிழவர்களுடைய பொறுப்பு. வீட்டு வாசலில் பஞ்சாரத்தின் கீழ்க் குஞ்சுகளை அடைப்பதும், வானத்தில் பருந்தின் நிழல் கண்டால் கூவுவதும் பெண்கள் மற்ற வேலைகளுக்கு நடுவே செய்தது. அறுவடை முடிந்த நிலத்தில் கீதாரிகள் ஆட்டுக்கிடை போட வருவார்கள். வயலுக்கு உரம் சேரும், இரவில் நரியைக் கிட்டே விடாமல் கிடையைக் காப்பது அவர்கள் பாடு.

இந்தக் காவலின் நுட்பத்தை எலிக் கிட்டியில் காணலாம். தஞ்சாவூர்க் கிட்டி என்று டெல்டா முழுக்கப் பெயர் பெற்ற இந்தப் பொறிக்கு ஒரு மூங்கில் பிளாச்சும் கொஞ்சம் கயிறும் போதும். பிளாச்சை வில்லாக வளைத்து நாணேற்றி, சின்னக் குச்சியொன்றை இடுக்கி விறைப்பாக நிறுத்துவார்கள். பொரியோ ஊறவைத்த அரிசியோ நண்டுத் துண்டோ இரை. எலி தலையை நீட்டி இரையை இழுத்ததும் குச்சி நழுவும், நாண் கழுத்தை இறுக்கும். கிட்டியைவிட முக்கியம், வைக்கும் இடம். எலி நெற்பயிரின் தண்டைச் சாய்வாக அறுத்துப்போட்டிருக்கும் இடம் எது, அது நடந்து நடந்து வழுவழுப்பான தடம் எது, புது மண் தள்ளிய வளை எது என்று படித்தறிந்தவர்தான் கிட்டி வைக்க முடியும். பொழுது சாயும்போது வைத்து, விடியும்போது எடுப்பார்கள்; பிடிபட்ட எலிக்கு இவ்வளவு என்று கூலி. அறுவடைக்குப் பின் இன்னொரு வேலை இருந்தது. வளையைத் தோண்டினால் எலி சேர்த்து வைத்த நெல் கிடைக்கும். அடியில் துளையிட்ட மண்கலயத்தில் வைக்கோலைப் புகையவிட்டு, வாயால் ஊதி வளைக்குள் செலுத்தி எலியைப் பிடித்து, நெல்லையும் எடுத்துக்கொள்வதில் இருளர்கள் தேர்ந்தவர்கள். பிச்சாவரத்தை ஒட்டிக் கிள்ளைப் பகுதியில் இன்றும் வாழும் அவர்கள், கழிமுகச் சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கவும் வல்லவர்கள்.

இங்கே இரண்டாவது மறுப்பு வரும், முதலாவதற்கு நேர் எதிரான திசையிலிருந்து. நம் முன்னோர் பாம்புக்குப் பால் வார்த்தார்கள், நரி முகத்தில் விழித்தால் நல்லது என்றார்கள். இயற்கையோடு இணைந்து வாழ்ந்தவர்களைப் பொறி வைத்தவர்களாக மட்டும் காட்டுவது தகுமா? பால் வார்த்தது மெய்தான், ஆனால் வார்த்தது புற்றுக்கு. அதே பாம்பு அடுப்பங்கரைக்கு வந்தால் தடியெடுத்தார்கள். பக்தி பாம்புக்கு ஓர் இடத்தை ஒதுக்கியது. அந்த இடத்துக்கு வெளியே அதைக் காக்கவில்லை. மனிதரையும் காக்கவில்லை. கட்டுவிரியன் இரவில், தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர்களைக் கடிக்கும். கண்ணாடி விரியன் வரப்பில் வெறுங்காலோடு நடக்கிறவர்களைக் கடிக்கும். இரண்டுக்கும் பலியாவது கட்டில் இல்லாத, செருப்பு இல்லாத வீட்டார். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்தது 2024இல்தான். பழைய காவலிலும் நியாயம் இருந்ததாகச் சொல்ல முடியாது. வெயிலில் தகரம் தட்டிய பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. எலி வளையில் நெல் தேடியவர்கள், களத்தில் குவிந்த நெல்லில் உரிய பங்கு கிடைக்காதவர்கள். அந்த ஏற்பாட்டை இணக்கம் என்று புகழ்ந்தால், அதைத் தாங்கி நின்றவர்களின் வறுமையையும் சேர்த்துப் புகழ்ந்ததாகிவிடும்.

அந்த உழைப்பு வயலை விட்டுப் போனது ஒரே நாளில் நடந்ததல்ல. போனதற்கான காரணங்களில் சில வரவேற்க வேண்டியவை. 1950களில் காமராசர் ஆட்சியின் மதிய உணவும் 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் பிள்ளைகளை வகுப்பறைக்கு இழுத்தன. இளைஞர்கள் வெளியூர், வெளிநாடு என்று வேலைக்குப் போனார்கள். அறுவடை இயந்திரம் வந்தது. அண்டை வெட்ட ஆள் குறைந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்து, பாம்புத் தோல் ஏற்றுமதி 1976இல் நின்றபோது, பாம்பும் எலியும் பிடித்துப் பிழைத்த இருளர்களின் முக்கிய வருமானம் அறுந்தது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் அமைந்த கூட்டுறவுச் சங்கம் பாம்பு நஞ்சு எடுக்கும் வேலையைத் தந்தது செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களுக்கு. கொள்ளிடக் கரைக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. இப்படிக் காலியான இடத்தில்தான் மருந்து குடியேறியது. 1960களின் பிற்பகுதியில் புதிய நெல் ரகங்களோடு பெருகிய பூச்சிக்கொல்லிகளில் பி.எச்.சி.க்கு 1997இல்தான் தடை விழுந்தது. அதுவரை வயலில் தெளித்தது தவளையையும் மீனையும் விட்டுவைக்கவில்லை. எலிமருந்தைத் தின்று தள்ளாடும் எலியைக் கூகையும் சாரையும் நரியும் எளிதில் பிடிக்கும். எலியோடு அவையும் சாகலாம். வேகமாகக் குட்டி போடும் எலி ஓரிரு பருவத்தில் மீண்டுவிடும். அதைத் தின்றவை மீள ஆண்டுகள் ஆகும்.

கடைசி மறுப்பு கைக்கணக்குப் பார்ப்பவருடையது. ஆள் கூலி ஏறிவிட்டது. ஒரு பொட்டலம் மருந்து மலிவு. இரண்டு காணிக்காரர் வேறு என்ன செய்வார்? தனி ஆளாக அவருக்கு இந்தக் கணக்கு சரிதான், அவரைக் குற்றம் சொல்ல நியாயமில்லை. ஆனால் எலி பட்டா பார்த்து வருவதில்லை. ஒருவர் வயலில் மருந்து வைத்தால் பக்கத்து வரப்பிலிருந்து வேறு எலி வந்து குடியேறும். ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் செய்தால்தான் எலி ஒழிப்பு பலிக்கும் என்று வேளாண் துறையும் சொல்கிறது. அப்படியானால் இது ஊர் வேலை. ஊர் வேலைக்கு ஊர்ப் பணம் செலவாக வேண்டும். வாய்க்கால் தூர்வாரப் பொதுப்பணம் ஒதுக்குகிற அரசு, அந்த வாய்க்காலின் தண்ணீரில் விளைந்ததைக் காக்கும் வேலையை மட்டும் தனி வீட்டுப் பொறுப்பாக விட்டுவிட்டது. சம்பா கதிர் பிடிக்கும் மாதங்களில் கிட்டி வைக்கத் தெரிந்தவர்களையும் இருளர்களையும் ஊராட்சி வாரியாக, நியாயமான கூலிக்கு அமர்த்தலாம். வயலில் கூகை உட்கார ஆங்காங்கே குச்சி நடலாம். அண்டை வெட்டுவதை ஊரக வேலைத் திட்டத்தில் சேர்க்கலாம். இவற்றில் எதுவும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. பிள்ளைகளும் பெண்களும் இருளர்களும் தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லாமலும் அரைக்கூலிக்கும் செய்த வேலைக்கு, இப்போதாவது முழுக்கூலி கொடுக்க வேண்டும். விஷத்துக்குச் செலவழிப்பதைவிட இது மேல்.