சூரிய ஒளியில் பேசிய குரல்

1880ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை ஓர் ஆசிரிய தலையங்கம் எழுதியது. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்று உலகப் புகழ் அடைந்திருந்த அலெக்சாண்டர் கிரகம் பெல் தாம் செய்த புதிய கருவி ஒன்றைப் பற்றி அப்பொழுது அறிவித்திருந்தார். கம்பியே இல்லாமல், ஒளிக்கதிரின் மூலம் மனிதக் குரலை அனுப்பலாம் என்பதுதான் அந்த அறிவிப்பு. பத்திரிகைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பொஸ்ரன் நகரையும் கேம்பிரிட்ஜையும் சூரியக் கதிர்களால் இணைத்து, அக்கதிர்களைத் தந்திக் கம்பங்களில் தொங்கவிடப் போகிறாரா பேராசிரியர்? அப்படியானால் கதிரின் தடிப்பு எவ்வளவு? இந்தப் பாணியில் அத்தலையங்கம் கேலி செய்தது.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் காலம் கழித்தவன் என்ற வகையில் இத்தகைய தலையங்கங்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதை நான் அறிவேன். மாலைக்குள் பத்தியை நிரப்ப வேண்டும். விடயம் விளங்கவில்லை. விளங்காததை விளங்கவில்லை என்று எழுதுவதைவிட நகைச்சுவையாக எழுதுவது இலகுவானது. வாசகரும் சிரிப்பார், மறுநாள் எல்லோரும் மறந்துவிடுவர். ஆனால், வரலாறு மறப்பதில்லை. அன்று அந்தப் பத்திரிகை எதைக் கேலி செய்ததோ அதுவே இன்று கடலுக்கு அடியில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தூரத்துக்குக் கிடக்கின்றது. ரொறொன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ பாரிசிலிருந்தோ இதனைப் படிக்கும் அன்பர்களுக்கு இந்த எழுத்துகள் பெரும்பாலான தூரத்தை ஒளியாகவே கடந்து வந்து சேர்கின்றன.

ஒளியைத் தூது அனுப்பும் எண்ணம் பெல்லுக்கு முற்பட்டது. மலையுச்சியில் தீ மூட்டிப் பகைவர் வரவை அறிவித்தல் பல நாடுகளுக்கும் பொதுவான பழைய வழக்கம். அதனை ஓர் ஒழுங்கான அரச சேவையாக மாற்றியவர் பிரான்ஸ் நாட்டவரான குளோட் ஷாப். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1794இல், பாரிசுக்கும் லீல் நகருக்கும் இடையே உயரமான இடங்களில் கோபுரங்கள் அமைக்கப்பட்டன. ஒவ்வொரு கோபுரத்தின் உச்சியிலும் அசையும் மரக் கைகள். அவற்றின் கோணங்கள் ஒவ்வொன்றும் ஒரு குறி. அடுத்த கோபுரத்தில் இருப்பவர் தொலைநோக்கியால் அதனைப் பார்த்து அப்படியே திருப்பிக் காட்டுவார். அவ்வாண்டிலேயே, ஒஸ்திரியப் படையிடமிருந்து கொந்தே நகர் மீட்கப்பட்ட செய்தி இவ்வழியாக விரைந்து பாரிசை எட்டியது. குதிரைவீரன் ஓடிக் கொண்டுவந்த செய்தியின் காலம் அன்றோடு முடிவுக்கு வரத் தொடங்கியது எனலாம்.

இந்தக் கோபுரத் தந்தியோடு ஒரு மோசடியும் சேர்ந்தே வளர்ந்தது. போர்தோ நகரைச் சேர்ந்த பிளாங் சகோதரர் இருவர் பங்குச் சந்தையில் ஈடுபட்டிருந்தனர். பாரிஸ் சந்தையின் ஏற்ற இறக்கம் தபாலில் போர்தோவுக்கு வந்து சேரப் பல நாட்கள் ஆகும். அரச தந்தியோ அரசுக்கு மாத்திரமே உரியது. அவர்கள் தூர் நகரில் இருந்த தந்தி ஊழியருக்குக் கையூட்டுக் கொடுத்தனர். அரச செய்திகளின் நடுவே அவர் ஒரு பிழையான குறியைச் சேர்ப்பார். உடனே அதனைப் பிழை என்று அழிக்கும் குறியையும் அனுப்புவார். இறுதி நிலையத்தில் பிழை நீக்கப்பட்டுச் செய்தி சுத்தமாகவே எழுதப்படும். ஆனால், வழியில் போர்தோவுக்கு அருகே ஒரு கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டாளிக்கு அந்தப் பிழையே செய்தி! 1834 முதல் 1836 வரை இது நடந்தது. பிடிபட்டு நீதிமன்றம் சென்றபோது, தனியார் தந்தியைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டமே அப்பொழுது இருக்கவில்லை என்பது தெரிந்தது. 1837இல் அரசு அதற்கெனச் சட்டம் இயற்றியது. கருவி புதிது, அதனைச் சுற்றி நிற்கும் மனிதர் பழையவர்கள்.

மூடுபனியிலும் இரவிலும் அந்த மரக் கைகள் பயனற்றவை. மின்தந்தி வந்ததும் 1850களில் அவை ஓய்ந்தன. எனினும், கம்பி இழுக்க முடியாத இடங்களில் ஒளிக்கு இடம் இருந்தது. கராச்சியில் பாரசீக வளைகுடாத் தந்தித் திணைக்களத்தில் பணியாற்றிய ஹென்றி மான்ஸ் 1869 அளவில் கண்ணாடியை அசைத்து வெயிலைப் பளிச்சிடச் செய்து தந்திக் குறிகளை அனுப்பும் கருவியை அமைத்தார். 1878இல் தொடங்கிய ஆப்கான் யுத்தத்தில் பிரித்தானியப் படை அதனைப் பெரிதும் பயன்படுத்தியது.

இவையெல்லாம் கண்ணால் பார்த்துப் படிக்க வேண்டிய குறிகள். ஒளியை மின்சாரமாக மாற்றிக் காதால் கேட்கச் செய்ய வேண்டுமானால் இன்னொரு பொருள் வேண்டியிருந்தது. அது தற்செயலாகக் கிடைத்தது. கடலடித் தந்தி வடங்களைச் சோதிப்பதற்காக உயர்ந்த மின்தடை கொண்ட பொருள் ஒன்றை வில்லோபி ஸ்மித் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் தேடினார். செலீனியம் என்ற மூலகத்தின் கோல்களைப் பயன்படுத்தியபோது அளவீடுகள் ஒரே சீராக வரவில்லை. வெளிச்சம் படும்போது அதன் மின்தடை குறைகின்றது என்பதை 1873இல் அவர் வெளியிட்டார். வடத்தைச் சோதிக்க உதவாமற்போன அந்தப் பொருள் பெல்லின் கைக்கு வந்ததும் வேறொரு கதை தொடங்கியது.

பெல்லும் அவருடைய உதவியாளர் சாள்ஸ் சம்னர் ரெயின்ரரும் வாஷிங்டனில் அமைத்த கருவியின் பெயர் போட்டோபோன். ஒளிபேசி என்று தமிழில் சொல்லலாம். அதன் அமைப்பு வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. காகிதம் போன்று மெல்லிய ஒரு கண்ணாடியின் மீது வெயில் குவிக்கப்படும். அக்கண்ணாடியின் பின்புறத்தில் ஒருவர் பேசுவார். குரலின் அதிர்வுக்கு ஏற்பக் கண்ணாடி குழிந்தும் குவிந்தும் அசையும். அதனால் தெறித்துச் செல்லும் கதிர் விரிந்தும் சுருங்கியும் துடிக்கும். தொலைவில், கிண்ணம் போன்ற பெரிய ஆடியின் நடுவே செலீனியம் வைக்கப்பட்டிருக்கும். அதனோடு ஒரு மின்கலமும் தொலைபேசியின் காதுக்குழலும் இணைக்கப்பட்டிருக்கும். ஒளி துடிக்க மின்னோட்டம் துடிக்கும்; காதுக்குழல் பேசும்.

1880இல் ஒரு நாள் பிராங்ளின் பாடசாலையின் கூரையில் ரெயின்ரர் நின்றார். 213 மீற்றர் தொலைவில், எல் வீதியிலிருந்த ஆய்வுகூடத்தில் பெல் காதுக்குழலோடு இருந்தார். நான் சொல்வது கேட்டால் யன்னலுக்கு வந்து தொப்பியை அசையுங்கள் என்று ரெயின்ரரின் குரல் வெயிலில் வந்தது. பெல் யன்னலுக்கு வந்து தொப்பியை அசைத்தார். அவர் அடைந்த மகிழ்ச்சிக்கு ஒரு சான்று உண்டு. அந்த ஆண்டு பெப்ரவரியில் பிறந்த தம் இரண்டாவது மகளுக்குப் போட்டோபோன் என்றே பெயரிட அவர் விரும்பினார். மனைவி மேபல் மறுத்துவிட்டார். பிள்ளை மரியன் என்ற பெயரோடு தப்பித்துக்கொண்டது!

தொலைபேசியிலும் பார்க்க இதுவே தம் பெரிய கண்டுபிடிப்பு என்று பெல் கடைசி வரை கருதினார். உலகம் அவ்வாறு கருதவில்லை. அதற்குக் காரணம் பத்திரிகையின் கேலி அன்று. மேகம் மறைத்தால் பேச்சு நின்றுவிடும். மழையும் பனியும் கதிரைத் தின்றுவிடும். நடுவே ஒரு மரம் நின்றாலும் போதும். மார்க்கோனியின் வானொலி அலைகளுக்கு இந்தத் தடைகள் இல்லை. 1922இல் பெல் இறந்தபோது ஒளிபேசி நூதனசாலைப் பொருளாக இருந்தது. உண்மையில் அந்த எண்ணத்தில் குறையில்லை. குறைந்திருந்தவை இரண்டு. ஒன்று, சூரியனை நம்பியிராத, வேண்டியபடி துடிக்கக்கூடிய ஒளி. மற்றையது, வெயில், மழை என்பன தீண்டாத பாதை.

முதலாவது 1960இல் கிடைத்தது. அமெரிக்கரான தியோடர் மைமன் அவ்வாண்டு மே மாதத்தில் முதலாவது லேசரை ஒளிரச் செய்தார். பாதைக்கு மயிரிழை போன்ற கண்ணாடி நாரைப் பலரும் எண்ணினர். வளைந்த நாரின் வழியே படிமத்தைக் கொண்டுசெல்லலாம் என்று பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி 1954இலேயே இலண்டனில் ஹொப்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து காட்டியிருந்தார். ஆனால், சாதாரண கண்ணாடி ஒளியை விழுங்கியது. 20 மீற்றர் போவதற்குள் நூற்றில் ஒரு பங்கே எஞ்சியது. ஷாங்காயில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய சாள்ஸ் காவோ 1966இல், ஜோர்ஜ் ஹொக்கம் என்பவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், குற்றம் கண்ணாடியினுடையது அன்று, அதில் கலந்துள்ள மாசுக்களினுடையது என்றார். மாசு நீக்கினால் ஒரு முழுக் கிலோமீற்றர் சென்ற பின்னும் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சும். தொடர்பாடலுக்கு அது போதும் என்றார். பலர் நம்பவில்லை. அவர் கண்ணாடித் தொழிற்சாலைகளுக்கு ஏறி இறங்கி வாதாடினார். நான்கே ஆண்டுகளில், 1970இல், அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்தார் அந்த எல்லையையும் தாண்டிய நாரைச் செய்து காட்டினர்.

காவோவுக்கு 2009இல் நொபெல் பரிசு கிடைத்தது. அதற்குள் மறதி நோய் அவரைப் பீடித்திருந்தது. பரிசுக்கான உரையை அவர் மனைவியே ஆற்றினார். உலகத்தின் நினைவையெல்லாம் சுமக்கும் பாதையை அமைத்தவருக்குத் தம் நினைவு உதவவில்லை. கபானிக்குப் பரிசில் பங்கு கிடைக்கவில்லை. அது குறித்த வாதம் இன்றும் ஓயவில்லை.

அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்த முதலாவது ஒளிநார் வடம் 1988இல் இயங்கத் தொடங்கியது. 1994இல் சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ் வரை இடப்பட்ட ஒளிநார் வடம் கொழும்பையும் தொட்டது. புலம்பெயர்ந்த பிள்ளையின் குரலுக்காக அஞ்சல் அலுவலகத்தில் மணிக்கணக்கில் காத்திருந்த தாய்மாரின் காலத்தை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அந்தக் காத்திருப்பைக் குறைத்தவற்றில் இந்த மயிரிழைக் கண்ணாடியும் ஒன்று.

ஒளித்தூது பெரிய வடங்களில் மாத்திரம் இல்லை. அது நம் மேசைக்கும் வந்துவிட்டது. 1955இல் அமெரிக்காவின் செனித் நிறுவனம், ரோச் லைற் போன்ற ஒரு கருவியால் தொலைக்காட்சிப் பெட்டியின் மூலைகளில் வெளிச்சம் பாய்ச்சி அலைவரிசையை மாற்றும் முறையை விற்றது. யன்னலால் வெயில் விழுந்தாலும் அலைவரிசை மாறியது! இன்றைய ரிமோட் கொன்ட்ரோல் கண்ணுக்குத் தெரியாத ஒளியை விநாடிக்கு ஏறத்தாழ 38,000 தடவை துடிக்கச் செய்து அனுப்புகின்றது. வெயில் அப்படித் துடிப்பதில்லை. ஆகவே, பெட்டி ஏமாறுவதில்லை. பெல்லும் துளையிட்ட தட்டைச் சுழற்றிக் கதிரைத் துண்டு துண்டாக்கி இசையொலி எழுப்பிப் பார்த்தவர்தாம் என்பது குறிப்பிடத்தக்கது.

கலைப்பட்டதாரியான எனக்கு இலத்திரனியல் தூரத்து உறவு. ஆனாலும், 2003இல் மிட்சுபிஷி ஆய்வுகூடத்தினர் வெளியிட்ட ஒரு செய்தி என்னை வியக்கவைத்தது. எல்.ஈ.டி. என்ற சிறு விளக்கு ஒளியை உமிழ்வது மாத்திரமன்றி, உணரவும் வல்லது. அமெரிக்கரான பொரஸ்ற் மிம்ஸ் இதனை முன்னரே எடுத்துக்காட்டியிருந்தார். விளக்கை மறுதலையாக மின்னேற்றிவிட்டு, அது வடிய எவ்வளவு நேரம் எடுக்கின்றது என்று எண்ணினால் போதும். வெளிச்சம் பட்டால் விரைவாக வடியும். இருட்டில் மெதுவாக வடியும். அந்த எண்ணும் வேலையை, சில்லறைக் காசிலும் சிறிய கணினியான நுண்கட்டுப்படுத்தி செய்கின்றது. ஆகவே, ஒவ்வொரு விளக்கு மட்டுமே கொண்ட இரண்டு சிறு கருவிகள் முகத்துக்கு முகம் வைத்தால் மாறி மாறிப் பேசிக்கொள்ளும். கம்பியும் இல்லை, வானொலியும் இல்லை. வாயே காதாகவும் இருக்கின்ற இந்த உரையாடல் சில சென்ரிமீற்றர் தூரத்துக்குத்தான் எட்டும்.

மறுமுனையில், 2023 டிசம்பரில், ஏறத்தாழ 3 கோடியே 10 இலட்சம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து சைக்கி விண்கலம் லேசர் கதிரில் ஒரு காணொளியை பூமிக்கு அனுப்பியது. கலிபோர்னியாவின் பலோமர் மலைத் தொலைநோக்கி அதனைப் பெற்றது. அதில் இருந்தது, விளையாடும் ஒரு பூனை!

அந்தக் கதிரைத் தொங்கவிட ஒரு கம்பமும் தேவைப்படவில்லை. நியூயோர்க் ரைம்சின் தலையங்கக்காரர் கெட்டவர் அல்லர். தமக்குத் தெரிந்த தந்திக் கம்பத்தை வைத்துத் தெரியாத ஒன்றை அளந்தார், அவ்வளவுதான். புதிய எண்ணம் ஒன்று பயன்படாமல் கிடப்பதற்கும் அது பிழையானது என்பதற்கும் வேறுபாடு உண்டு. பெல்லின் எண்ணம் தன் துணைகளுக்காகக் காத்திருந்தது. லேசருக்கு 80 ஆண்டுகள், தூய கண்ணாடிக்கு 90 ஆண்டுகள். பேனாவைக் கையில் எடுக்கும் இளைய பத்திரிகையாளர்கள் இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்திருப்பது நல்லது. விளங்காத ஒன்றைப் பற்றி எழுத நேரும்போது, கேலிக்கு முன்னர் ஒரு கேள்வியை யாரிடமாவது கேட்டுப் பார்க்கலாம்.